தும்பிக்கை வைத்த லை

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் சாக்கு தைக்கிற சுப்புராஜின் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். லை மட்டும் விலக்கு. பழைய லைக்குத் தலைக்கு மேல் தும்பிக்கை உண்டல்லவா? அவன் போடும் தும்பிக்கை மேல்வரியைத் தடவி, நுனியில் சுருண்டு, ஆசீர்வாதம் செய்வதுபோல இறங்கும். கம்பத்து மாயம்மாள் கல்யாணத்துக்குச் சம்மதித்தது மாப்பிள்ளையைப் பார்த்தல்ல, அந்த லையைப் பார்த்துத்தான்.

எழுபத்தொன்பதில் கணக்கர் வெங்கிடராமன் பேப்பரை நீட்டினார்.

"ஓய், எழுத்துச் சீர்திருத்தமாம். கவர்மெண்டே தும்பிக்கையை வெட்டியாச்சு. நீர் எதுக்கு இன்னும் சுத்திண்டிருக்கீர்?"

சுப்புராஜ் சட்டத்துக்குப் பயந்தவன். தாய்வீடு போயிருந்த மாயம்மாளுக்குப் புது லை போட்டு எழுதினான்: ‘நீ இல்லாமல் வேலை ஓடவில்லை. வா.’

பதில் வந்தது: ‘இது உங்க எழுத்தில்ல. எவ எழுதிக் குடுக்குறா? அவளையே பொங்கிப் போடச் சொல்லுங்க. நான் வரல.’

சுப்புராஜ் அந்தப் பதிலைக் கணக்கரிடம் கொண்டுபோய்க் காட்டினான். வெங்கிடராமன் தலையைச் சொறிந்தார். "அந்த ஆர்டர் தமிழ்நாட்டுக்குத்தானே ஓய்! கேரளத்துல தும்பிக்கைக்கு ஏது தடை?"

முகமது இஸ்மாயிலின் சாயாக்கடையில் உட்கார்ந்து, சுப்புராஜ் மொத்தத் துக்கத்தையும் ஒரே லையில் இறக்கினான். தும்பிக்கை மேல்வரியைத் தாண்டி, தாளைத் தாண்டி, மேஜையில் இறங்கி, கிளாஸைத் தூக்கிச் சாயாவை உறிஞ்சியது.

"சேட்டா," என்றார் இஸ்மாயில், "அதுக்குப் பழம்பொரி வேணுமோ?"

மடிக்க மடங்காத தும்பிக்கையைச் சாக்கு நூலால் கட்டி அனுப்பினான். ஒரு வாரம் பதிலே இல்லை. பயத்தில் இன்னொரு கடிதமும் போட்டான்.

மறுநாள் மாயம்மாள் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பின்னால் அவளுடைய தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தும்பிக்கை இறங்கியது.

"இதுதான்யா உங்க எழுத்து. ஆனா ஒத்த லைக்கே வழியெல்லாம் கரும்பு வாங்கிக் குடுத்து மாளல. நல்லவேளை, யானைன்னு எழுதாம விட்டீங்க!"

சுப்புராஜ் தபால் கம்பம் போய்ச் சேரும் நாளை விரல்விட்டு எண்ணினான். இரண்டாவது கடிதத்தில் அவன் எழுதியிருந்தது இதுதான்: ‘யானை மாதிரி இருந்த நான் பூனை மாதிரி ஆகிவிட்டேன்.’ இரண்டு னைக்கும் தாராளமாகவே தும்பிக்கை போட்டிருந்தான்.

அடுத்த வாரம் மாமியாரிடமிருந்து கார்டு வந்தது.

‘மருமகனுக்கு. யானையைப் புளியமரத்தில் கட்டிவிட்டோம், தொந்தரவில்லை. பூனைதான், அவ்வளவு பெரிய தும்பிக்கையை வைத்துக்கொண்டு எலிப்பொந்து முன்னால் உட்கார்ந்து அழுகிறது.’