ஒரு கிலோமீட்டர் வெளிச்சம்

கடைக்காரர் டார்ச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். வைக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் ஒரு புராணம் பாடினார்.

"இது தண்ணியில விழுந்தாலும் எரியும். இது மாடியிலிருந்து போட்டாலும் உடையாது. இது இருக்கே, ஒரு கிலோமீட்டருக்கு அடிக்கும்."

ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் யாரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று பெரியவள் கேட்கவில்லை. பயந்து போய்க் கடைக்கு வருகிறவர்கள் கேள்வி கேட்பதில்லை. எது பெரியதோ அதன் பக்கம்தான் அவர்கள் கை போகும்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. பெரியவளும் சின்னவளும் அக்கா தங்கை. ஒரு வணிகக் கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில் இருவரும் திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருந்தார்கள். சின்னவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்செல்லாம் கையால்தான். பள்ளியில் கற்றது பாதி, வீட்டிலேயே இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கிக்கொண்டது பாதி. அவர்கள் சண்டை போட்டால் பக்கத்துக் கடைக்காரர்கள் வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்து நிற்பார்கள். சத்தமே இல்லாத சண்டை வேறெங்கே பார்க்கக் கிடைக்கும்?

போன மாதம் மின்சாரம் போனது. நிலத்தடியில் ஜன்னல் ஏது, பட்டப்பகலிலேயே கும்மிருட்டு. நமக்கெல்லாம் இருட்டில் கண் மட்டும்தான் போகும். சின்னவளுக்குக் கண்ணோடு பேச்சும் சேர்ந்து போய்விடும். தடவிக்கொண்டு போன பெரியவள், ஆறுதலாக இருக்கட்டுமே என்று பின்னாலிருந்து அவள் தோளைத் தொட்டாள். யார் தொட்டது என்று தெரியாமல் சின்னவள் போட்ட அலறல் இருக்கிறதே, அந்தச் சத்தத்தைப் பெரியவள் அதற்கு முன் கேட்டதேயில்லை. மின்சாரம் திரும்பி வந்ததும் "ஒண்ணுமில்ல, பயப்படாதே, அக்கா இருக்கேன்" என்று பெரியவள் கையால் சொல்லித் தேற்றினாள். அதன் பிறகு டியூப்லைட் ஒரு முறை கண் சிமிட்டினாலும் பெரியவளுக்குப் பயம் வந்துவிடும். ஆனால் அதைத் தங்கையிடம் காட்டிக்கொள்வாளா? அப்பா அம்மா போன நாளிலிருந்து அந்த வீட்டில் பயப்படும் உரிமை சின்னவளுக்கு மட்டும்தான்.

கடையில் சின்னவள் பெரிய டார்ச்சுகள் பக்கமே திரும்பவில்லை. ஓரத்தில் கிடந்த, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்றை எடுத்தாள். சட்டையில் மாட்டிக்கொள்ள அதில் ஒரு கிளிப் இருந்தது. அடியில் காந்தம். போன் சார்ஜர் வயரே அதற்கும் போதும். கடையின் பின்னால் இருந்த சாமான் அறைக்குள் போய் விளக்கை அணைத்தாள். டார்ச்சை இரும்பு அலமாரியில் ஒட்டவைத்துவிட்டு அதன் முன்னால் நின்றாள். மஞ்சள் கலந்த வெளிச்சம் அகலமாகப் பரவியது. அவள் முகம், தோள், இரண்டு கை எல்லாமே துலக்கமாகத் தெரிந்தன.

"ரெண்டு வாங்கு. ஆளுக்கு ஒண்ணு" என்றாள் கையால்.

"இது மிட்டாய் மாதிரி இருக்கு. ஆபத்து நேரத்துல இது எந்த மூலைக்கு?"

"பெருசைத் தூக்கினா ஒரு கை அதுக்கே போயிடும். மிச்சம் ஒரு கைதான் பேசும். பாதிப் பேச்சு எனக்குப் புரியாது."

"நெருப்பு பிடிச்சா கதை பேசிட்டா இருப்போம்? ஓடற வழியைப் பாப்போமா?"

கடைக்காரர் நடுவில் புகுந்தார். "அம்மா, அவங்களுக்கு நீங்கதான் எடுத்துச் சொல்லணும். நானும் எவ்வளவோ சொல்றேன், செவிடன் காதுல ஊதின சங்கு மாதிரி..." அத்தோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். பெரியவள் பார்த்த பார்வையில் அவர் கண் நேராகக் கீழே போய் மேசையில் நின்றது. அந்தச் சங்கடத்தை மறைக்க, பெரிய டார்ச்சை எடுத்து அவசர அவசரமாக விளக்கினார். பட்டனை ஒரு தரம் அழுத்தினால் எரியும், அழுத்திப் பிடித்தால் முழுப் பலத்தோடு எரியும், இரண்டு தரம் சடசடவென்று அழுத்தினால் விட்டு விட்டு மின்னும்.

"திருடன் வந்தாக் கூட கண்ணு கூசி அப்படியே நின்னுடுவான்" என்றார்.

பெரியவள் அதையே வாங்கினாள். சின்னவள் வீடு போகும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். பேசமாட்டேன் என்று காட்ட, இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டாள்.

டார்ச்சைப் பெரியவள் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள் என்றே சொல்லலாம். சார்ஜ் குறைய விடமாட்டாள். பை எங்கே போகிறதோ அங்கே டார்ச்சும் போகும். கையில் கனம் இருந்தால் மனசில் தைரியம் இருக்கும் என்று ஒரு கணக்கு.

ஒரு நாள் மதியம் தைத்து முடித்த திரைகளை மேல்மாடி அலுவலகத்தில் கொடுக்கப் போயிருந்தாள். சின்னவள் கீழே, துணி வெட்டும் அறையில் இருந்தாள். பெரியவள் திரும்பிப் படியிறங்கும்போது மின்சாரம் போனது. கூடவே வயர் கருகுகிற நாற்றம் வந்தது. மேலே யாரோ "புகை, புகை" என்று கத்தினார்கள்.

பெரியவள் டார்ச்சை எடுத்து அழுத்தியபடியே தளத்துக்குள் இறங்கினாள்.

துணி வெட்டும் அறையின் கதவு ஒரு நீளமான நடைவழியின் நடுவில் இருந்தது. அங்கிருந்து இடப்பக்கம் வந்தால் படிக்கட்டு. வலப்பக்கம் போனால் சாமான் ஏற்றும் லிஃப்ட். அந்த லிஃப்டைப் பழுதென்று கழற்றிக்கொண்டு போய் வெகுநாளாகிறது. மிச்சம் இருந்தது ஓட்டை மட்டும். அதற்குக் கீழே தண்ணீர் மோட்டார் இருக்கும் தளம். யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று வாயிலின் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டி விட்டிருந்தார்கள். கட்டியவருக்கு அதோடு கடமை முடிந்தது.

வெளிச்சம் நடைவழியில் குத்தீட்டியாகப் பாய்ந்தது. அதன் முனையில் சின்னவள் நின்றாள். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு வந்தவள் திசை தப்பி, லிஃப்ட் பக்கம் பாதி தூரம் போயிருந்தாள். வெளிச்சம் பட்டதும் திரும்பினாள். கையால் கண்ணை மறைத்துக்கொண்டாள்.

"அப்பாடா" என்றது பெரியவளின் வாய். இரண்டு எட்டு முன்னால் வைத்தாள். சின்னவள் இரண்டு எட்டு பின்னால் வைத்தாள்.

பெரியவள் நின்றாள். சின்னவளும் நின்றாள். மறுபடி ஓரடி முன்னால் வைத்தபோது சின்னவள் பின்னால் நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால், வெளிச்சம் முடிகிற இடத்தில், தொய்ந்து தொங்கிய கயிறு தெரிந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை.

"நில்லுடி. பின்னால போகாதே. குழிடி."

தொண்டை கிழியக் கத்தினாள். வாழ்நாள் முழுக்க அவளோடு இருந்தும், உயிர் போகிற நேரத்தில் வாய்தான் முந்திக்கொண்டது. பதற்றத்தில் விரல் பட்டனை எப்படி அழுத்தியதோ, டார்ச் விட்டு விட்டு மின்னத் தொடங்கியது. ஒரு மின்னலில் சின்னவள் அங்கே நின்றாள். அடுத்த மின்னலில் இன்னும் ஓரடி தள்ளி நின்றாள். அதற்கடுத்ததில் அவள் வாய் திறந்திருந்தது. பெரியவள் பட்டனை அழுத்திப் பிடித்தாள். மின்னல் நின்றது, முழுப் பலத்தோடு வெளிச்சம் போய்த் தங்கையின் முகத்தில் அறைந்தது.

அந்த வெளிச்சத்தில் சின்னவள் இரண்டு கைகளையும் தூக்கிப் பேசினாள்.

"யாரு? யாரு நீ? கிட்ட வராதே. எங்க அக்கா இப்ப வந்துருவா."

பெரியவளின் கை தானாகப் பதில் சொன்னது. 'நான்தான், நான்தான்' என்று இருட்டுக்குள் ஒற்றைக் கை ஆடியது. யார் பார்ப்பது அதை? டார்ச்சுக்குப் பின்னால் நிற்பவளைச் சின்னவளால் பார்க்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தன்னைத் துரத்திக்கொண்டு வரும் ஒரு வெள்ளை நெருப்பு மட்டும். தங்கையைக் குழிப் பக்கம் விரட்டிக்கொண்டிருப்பது தான்தான்.

ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம். ஆனால் ஓட ஆரம்பித்தால் அவளும் ஓடுவாள். டார்ச்சை அணைத்துவிட்டால் இருட்டில் எந்தப் பக்கம் கால் வைப்பாளோ. பக்கத்துக் கடையின் துணிமூட்டை ஒன்று சுவரோரம் கிடந்தது. டார்ச்சைத் தன் பக்கம் திருப்பி அதன் மேல் வைத்தாள். படிக்கட்டுப் பக்கம் நாலடி தள்ளி, அந்த வெளிச்சத்துக்கு நேராகப் போய் நின்றாள்.

உடனே உலகம் காணாமல் போனது. கண்ணில் வெள்ளை மட்டும்தான் இருந்தது. அதைத் தாண்டி நடைவழி இருக்கிறதா, கயிறு இருக்கிறதா, தங்கை இருக்கிறாளா, எதுவும் தெரியவில்லை. ஏதாவது விழுகிற சத்தம் கேட்டுவிடுமோ என்று காது மட்டும் விறைத்து நின்றது. புகை நெடியில் தொண்டை கமறியது. கண்ணை மூடக் கூடாது, முகம் தெரிய வேண்டும். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கினாள்.

"நான்தான். அக்கா. அசையாதே. உனக்குப் பின்னால லிஃப்ட் குழி. முன்னால வா. சுவரைப் பிடிச்சிட்டு முன்னால வா."

பதில் தெரியவில்லை. பார்த்தாளா, பார்க்கவில்லையா? வருகிறாளா, ஏற்கெனவே போய்விட்டாளா? மறுபடி சொன்னாள். மறுபடியும் சொன்னாள். சொல்ல வேண்டியதெல்லாம் தீர்ந்த பிறகும் கைகள் நிற்கவில்லை. எதிரே ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டால் மனசில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும் போலிருக்கிறது.

"எனக்குப் பயமா இருக்குடி. எப்பவுமே பயம்தான். நீ வராம நான் மேல போகமாட்டேன். வந்துடு. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. இந்த முறை அலறியது பெரியவள்.

சின்னவள் அவளை இழுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் ஓடினாள். போகிற போக்கில் டார்ச்சைப் பிடுங்கித் தரையைப் பார்த்து அடித்தாள். இரண்டு பேரின் கால்களும் படிகளும் தெரிந்தன, ஏறினார்கள்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. கட்டடத்து ஆட்களெல்லாம் வாகனம் நிறுத்துமிடத்தில் கூடி நின்றார்கள். மீட்டர் பெட்டியில் வயர் கருகியதுதான், அணைத்தாகிவிட்டது என்று வாட்ச்மேன் வந்து சொன்னார். "கீழ யாரும் இல்லையே?" என்றும் கேட்டார். பெரியவள் இல்லை என்று தலையாட்டிவிட்டு மதிலோரம் உட்கார்ந்தாள்.

சின்னவள் எதிரே குந்தினாள். இன்னும் எரிந்துகொண்டிருந்த டார்ச்சை அணைத்துக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு அந்த மிட்டாயை வாங்கப் போறோம். ரெண்டு" என்றாள்.

"நாலு வாங்கலாம். குளியலறைக்கும் ஒண்ணு."

சின்னவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழ சொன்னியே. எப்பவுமே பயம்னு."

'அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்று சொல்லப் பெரியவளின் கை பழக்கத்தில் மேலே எழுந்தது. பாதியில் நின்றுவிட்டது.

"எல்லாத்தையும் பாத்தியா?"

"அவ்வளவு வெளிச்சத்துல எப்படிப் பாக்காம இருப்பேன்? எவ்வளவு நாளா இந்தப் பயம்?"

"அப்பா அம்மா போனதுலிருந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீயும் பயந்துருவேன்னு."

சின்னவளின் கண்கள் நிறைந்தன. அவள் பெரியவளின் இரண்டு கைகளையும் தன் இரண்டு கைகளுக்குள் வாங்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடித்துக்கொண்டால் இருவராலும் ஒரு சொல்கூடப் பேச முடியாது. தெரிந்தும் விடவில்லை.