முதல் தடவையே ஓடிய விளையாட்டு

பிரேசிலின் போர்த்தோ அலெக்ரே நகரில், எங்கள் தெருவில் இரண்டு கணினிக் கடைகள், எதிரெதிராக. வால்தோமிரோவின் கடையில் விண்டோஸ், பையன்கள் கூட்டம். ஜுரேமாவின் கடையில் பென்குயின் சின்னம் போட்ட லினக்ஸ். கூட்டம் என்று பார்த்தால் நாங்கள் சில கிழடுகளும், தேநீர் மாதிரி சூடாக உறிஞ்சும் மாத்தே நிரம்பி, கை மாறி மாறிச் சுற்றும் ஒரு குடுவையும்தான்.

அந்தக் காலத்தில் லினக்ஸில் விளையாடுவது தவம். என் பக்கத்து வீட்டு அதால்பெர்த்தோ, ஒரு விளையாட்டில் சத்தம் வரவழைக்க உட்கார்ந்தபோது பிரம்மச்சாரி. சத்தம் வந்த அன்று, தொட்டிலில் இரண்டு குழந்தைகள் அழுததால் அவனுக்கு அது கேட்கவில்லை.

"ஏம்மா ஜுரேமா, உன் பென்குயினு சீட்டு மட்டும்தான் ஆடுமா?" என்றான் வால்தோமிரோ. "சனிக்கிழமைக்குள்ள நெசமான விளையாட்டு ஒண்ணு ஓட்டிக் காட்டு. இல்லன்னா எல்லா மெஷின்லயும் விண்டோஸ் போட்டுடணும்."

"ஓட்டுறேன். நீயே வந்து தோத்துட்டுப் போ."

அது 2013 பிப்ரவரி. ஸ்டீம் என்ற பெரிய விளையாட்டுக் கடை லினக்ஸுக்கும் வந்துவிட்டது என்ற செய்தி அவளுக்கு முன்பே எட்டியிருந்தது. சனிக்கிழமை மதியம் அதை இறக்கி, ஒரு விளையாட்டைச் சொடுக்கினாள். ஓடியது. சத்தத்தோடு.

யாரும் கைதட்டவில்லை. ஊரை ஒட்டி ஓடும் குவாய்பா, ஓடுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது. அது ஆறா ஏரியா என்று ஊரில் வழக்கு இருப்பதால், நின்றதைப் பலர் கவனிக்கவில்லை.

"என்னமோ தப்பு இருக்கு," என்றான் அதால்பெர்த்தோ. "ஒரு பிழைச் செய்திகூட வரல பாரு. முதல் தடவையே ஓடுதுன்னா எதையோ மறைக்குது."

எங்கள் எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. தப்பைத் தேடி உள்ளே போன அதால்பெர்த்தோ, திரையை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றி வைத்தான். திரை கறுத்தது. சரியாக அப்போதுதான் வால்தோமிரோ, கையில் விண்டோஸ் குறுந்தட்டு, பின்னால் பையன்கள் என்று நுழைந்தான்.

"அடடா, பென்குயினு ராத்திரில மட்டும்தான் விளையாடுமா? தட்டைப் போடட்டுமா?"

ஜுரேமா தலை நிமிரவில்லை. "போட்டுப் பாரு, கைய ஒடிக்கிறேன். கெடுத்தது நாங்க, சரிபண்றதும் நாங்கதான். உன் கடைல ஒண்ணு நின்னுபோனா நீ என்னய்யா பண்ணுவ?"

"அணைச்சுட்டு மறுபடி போடுவேன்."

"அப்பவும் வரலன்னா?"

"...வேண்டிக்குவேன்."

அவன் கூட்டி வந்த பையன்களே சிரித்துவிட்டார்கள். ஜுரேமா கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகக் கட்டளைகளைத் தட்டினாள். அந்த வேகத்தில் குடுவையில் ஆறிப்போன மாத்தே மறுபடி சூடானது. என் நாக்கே சாட்சி. பழைய டிரைவர் திரும்பியது. விளையாட்டும் திரும்பியது.

"ஒண்ணுதானே ஓடுது," என்றான் வால்தோமிரோ.

"பந்தயமும் ஒண்ணுதானே? உக்காரு."

உட்கார்ந்தான். என்னிடம் தோற்றான், அதால்பெர்த்தோவிடம் தோற்றான். பையன்கள் மீதி நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

மாலையில் ஜுரேமா முக்காலி மேல் ஏறி, கண்ணாடிக் கதவில் சிவப்புப் பெயின்ட்டால் எழுதினாள்: 'இங்கே விளையாட்டு ஓடும். ஓடாவிட்டால் ஓட வைப்போம்.' முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் வால்தோமிரோ. எதிரே அவன் கடையில் அப்போது அவனைத் தேட ஆளில்லை.