அழுக்கு மூட்டையும் வெள்ளைக் கொடியும்

லிஸ்பன் நகரத்தின் ரகசியங்கள் யாருக்கு அதிகம் தெரியும் என்றால், போலீஸையும் பாதிரியாரையும் விட்டுவிட்டு கனேசாஸ் ஊர்ச் சலவைக்காரிகளைத்தான் கேட்க வேண்டும். எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியே படுக்கிறார்கள், எந்த வீட்டுப் பெண் இருமினால் கைக்குட்டையில் ரத்தம் வருகிறது, எந்தப் பெரிய மனிதர் பட்டுக் கோட்டுக்கு உள்ளே கந்தல் சட்டை போட்டிருக்கிறார், எல்லாமே அழுக்குத் துணியில் இருக்கும். ஃபெலிஸ்மீனாவுக்குத் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. ஆனால் இதையெல்லாம் தடங்கலில்லாமல் படிப்பாள், படித்ததை வெளியே விட மாட்டாள். மருந்துக்கடைக்காரர் வீட்டுப் போர்வைகளுக்கு நடுவே ஒருமுறை பச்சையும் சிவப்புமாக ஒரு கொடி வந்துவிட்டது. மன்னராட்சி ஒழிக என்று ரகசியமாகக் கூட்டம் போடுகிறவர்களின் கொடி. சாயம் போகாமல் அலசி, தலையணை உறைக்குள் மடித்து வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அந்த வாரத்திலிருந்து மருந்துக்கடைக்காரரின் மனைவி எர்மீனியா அவளைச் சமையலறையில் உட்கார வைத்துக் காபி கொடுக்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை தோறும் ரோலா என்ற கழுதையோடு நகரத்துக்கு வருவாள். வெளுத்ததைக் கொடுத்து அழுக்கை வாங்கிக்கொண்டு அன்றே ஊர் திரும்புவாள். 1910 அக்டோபரின் முதல் திங்களன்று மட்டும் திரும்பவில்லை. மகன் அபிலியோ பட்டாளத்தில் இருந்தான், அவனைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை. சோள ரொட்டியும் பன்றி இறைச்சித் துண்டும் எடுத்துக்கொண்டு முகாம் வாசலுக்குப் போனால், இன்றைக்கு யாரையும் வெளியே விடுவதில்லை, நாளை வா என்று விரட்டிவிட்டார்கள். எர்மீனியா வீட்டு மாடிப்படிக்குக் கீழே கழுதையைக் கட்டிவிட்டுப் படுத்தாள். விடிவதற்குள் பீரங்கி முழங்கத் தொடங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை முழுக்க அந்தப் படிக்கட்டுக்குக் கீழேதான் கிடந்தாள். செய்தி துண்டு துண்டாக வந்தது. பெரிய சாலையின் மேட்டில் புரட்சிக்காரர்கள் தடுப்புப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே ரோசியோ சதுக்கத்தில் அரசரின் படை, அபிலியோவின் பட்டாளமும் அதில்தான். ஆற்றில் நின்ற போர்க்கப்பல்கள் கட்சி மாறி அரண்மனை மீதே குண்டு போட்டுவிட்டன. எர்மீனியா ஒவ்வொரு குண்டுக்கும் சிலுவை போட்டுக்கொண்டாள், உடனே புரட்சி வாழ்க என்றும் சொல்லிக்கொண்டாள். இரண்டில் எது கைகொடுக்கும் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஃபெலிஸ்மீனாவுக்கு அரசர் மீது கோபமும் இல்லை, பாசமும் இல்லை. அவர் சட்டை அவளிடம் வந்ததே கிடையாது. ஆனால் அவள் பிள்ளை ரோசியோவில் அவருக்காகத் துப்பாக்கியோடு நின்றான். புனித அந்தோனியாரிடம் இரண்டே விஷயம் கேட்டாள்: அவன் சாகக் கூடாது, அவன் யாரையும் சாகடிக்கவும் கூடாது. இரண்டாவதைக் கேட்கும்போது தயங்கினாள். பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு இப்படிக் கேட்பது பேராசையோ என்று பட்டது. ஆனாலும் கேட்டாள்.

புதன்கிழமை காலையில் சத்தம் சட்டென்று அடங்கியது. ஏதோ வெளிநாட்டுத் தூதர், தன் நாட்டுக்காரர்கள் நகரத்தை விட்டு வெளியேறும்வரை சண்டையை நிறுத்தச் சொல்லி வெள்ளைக் கொடியோடு போனாராம். தெருவில் அதைப் பார்த்தவர்களுக்கு இந்த விவரமெல்லாம் எங்கே தெரியும்? அரசரின் படை சரணடைந்துவிட்டது என்று ஒருவர் சொல்ல, பத்துப் பேர் கத்த, ஜன்னல்கள் திறந்தன. ஃபெலிஸ்மீனா எழுந்து ரோலாவின் முதுகில் மூட்டைகளை ஏற்றினாள்.

"உனக்கென்ன பைத்தியமா? முழுசா அடங்கட்டும், அப்புறம் போ," என்றாள் எர்மீனியா.

"அடங்குறதுக்குள்ள என் புள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா நான் யாரைப் போய்க் கேக்குறது எர்மீனியாம்மா?"

சலவைக்காரிகளின் வழக்கப்படி, எல்லா மூட்டைகளையும் சேர்த்து, இருப்பதிலேயே பெரிய படுக்கை விரிப்பைப் போர்த்தி, கழுதையின் வயிற்றுக்குக் கீழே முடிந்தாள். அது எர்மீனியாவின் கல்யாண விரிப்பு. கழுதை கழுத்து வரை வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. ஃபெலிஸ்மீனாவுக்கு அது மூட்டை கட்டிய துணி, அவ்வளவுதான். வேறு எந்த அர்த்தமும் அவள் புத்தியில் தோன்றவில்லை.

சந்து முனையில் கட்டிலும் பீப்பாயும் போட்டுப் புரட்சிக்காரர்கள் மறித்திருந்தார்கள். கழுதை எங்கேயும் போகக் கூடாது என்றான் ஒரு மாணவன். அவனுக்குப் பின்னால் புகையிலைக் கடைக்காரர் தலையை நீட்டினார்.

"டேய், விடுடா. என் நாலு சட்டை அந்த மூட்டைக்குள்ள இருக்கு. குடியரசு வந்தா நான் என்னத்தைப் போட்டுக்கிட்டு வரவேற்கிறது?"

பீப்பாயை நகர்த்தினார்கள். இதைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம், வெள்ளை போர்த்திய ஒன்று தடுப்பைத் தாண்டிப் படைகள் இருக்கும் பக்கமாக இறங்குவதைக் கண்டதும் தானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டது. சமாதானம் பேசப் போகிறார்கள், வாருங்கள்! முதலில் ஐந்தாறு பேர், பிறகு ஐம்பது, நூறு. மீன்காரிகள் கூடையோடு வந்தார்கள், தட்டச்சர் ஒருவர் வீட்டுச் செருப்போடு வந்தார். ஃபெலிஸ்மீனா கழுதையின் மறுபக்கமாக, தலை மட்டும் வெளியே தெரிய, கயிற்றைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். இத்தனை பேரும் தங்கள் பிள்ளைகளைத் தேடித்தான் வருகிறார்கள் என்று நினைத்து அவளுக்குக் கண் கலங்கியது.

சந்து சதுக்கத்தைத் தொடும் இடத்தில் புகை இன்னும் கலையவில்லை. ஒரே ஒரு வெடி. அவள் தலைக்கு மேலே முடிதிருத்தும் கடையின் பெயர்ப்பலகை பிளந்து மரச்சிம்பு கொட்டியது. ரோலா நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. ஃபெலிஸ்மீனாவுக்குப் பயத்தை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. பெண்பிள்ளையும் கழுதையும் வருவது கண்ணுக்குத் தெரியவில்லையா, எந்தப் பாவி பெற்று வளர்த்தாளோ இவனை, அவள் வயிறு எரியட்டும் என்று முழுத் தெருவுக்கும் கேட்க வைதாள்.

இரண்டாவது வெடி வரவில்லை. கூட்டம் அவளைத் தாண்டிப் பாய்ந்தது. சிப்பாய்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எதிரே மீன்காரிகள், அண்ணன் தம்பிகள், நேற்றுவரை ரொட்டி விற்றவன். யாரைச் சுடுவது? ஒரு மீன்காரி முதல் சிப்பாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டதும் மற்றவர்களும் துப்பாக்கியைத் தாழ்த்தினார்கள். எழுநூறு ஆண்டுக்கு மேல் இருந்த மன்னராட்சியின் கதை அந்தக் காலையில் அப்படித்தான் முடிந்தது. சிறிது நேரத்தில், சற்றுத் தள்ளி மாநகராட்சி மாடத்திலிருந்து குடியரசு என்று அறிவித்தார்கள். தொப்பிகள் பறந்தன.

அபிலியோவை நீரூற்றின் விளிம்பில் கண்டுபிடித்தாள். காயம் எதுவும் இல்லை. தலை முதல் கால் வரை தடவிப் பார்த்துவிட்டு ரொட்டியை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அவர்கள் ஊரில் பிள்ளைகள் தாயைப் பார்த்ததும் அவள் கையை எடுத்து முத்தமிட்டு ஆசி கேட்பார்கள். இருபது வயதானாலும் அபிலியோ அதை மறந்ததில்லை. இன்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான், தொடவில்லை.

"என்னடா, பேய் புடிச்ச மாதிரி நிக்குறே? சாப்பிடு."

"நான்தாம்மா சுட்டேன்."

"யாரை?"

"உன்னைத்தான். ரெண்டு நாளாத் தூக்கமில்ல. வெள்ளைத் துணிய மூடி வெடிகுண்டு கொண்டாறாங்க, சுடுன்னாரு சார்ஜெண்ட். கழுதைக்குப் பக்கத்துல ஒரு தலை தெரிஞ்சுது. அந்தத் தலையத்தான் குறி வச்சேன். அதோ நிக்கிறானே, அவன்தான் கீழேருந்து துப்பாக்கிக் குழலைத் தட்டி விட்டான். நீ வைய ஆரம்பிச்ச பிறகுதான் உன் குரல்னு தெரிஞ்சுது."

ஃபெலிஸ்மீனா நீரூற்றின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். வைதது முழுக்கத் தனக்கே என்பது மெல்ல மெல்லப் புரிந்தது. அதற்காக வருந்தவில்லை. குண்டு பட்டிருந்தால் அவள் செத்திருப்பாள், அது ஒரு நொடி வேலை. இவன் மிச்ச ஆயுள் முழுக்க என்ன செய்திருப்பான்? அவன் தலையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கேட்காத ஆசியைத் தானாகவே கொடுத்தாள்.

"கடவுள் உன்னைக் காப்பாத்தட்டும். காப்பாத்திட்டாரு."

பிறகு அவன் காட்டிய ஆளைத் தேடிப் பார்த்தாள். சில்வேரியோ என்ற குட்டையான சிப்பாய், பற்கள் முன்னே தள்ளியவன், ஆட்டு மந்தை மேய்க்கும் மலைப் பக்கத்து ஆள். கட்டளையை மீறிய பயம் இன்னும் அவன் முகத்தை விட்டுப் போகவில்லை. கூட்டம் அதிகாரிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது. அவனை யாரும் கவனிக்கவில்லை.

"ஏன்பா தட்டி விட்டே? நான் யாருன்னு உனக்குத் தெரியாதே."

"தெரியாதுதான் தாயி," என்றான் அவன் கூச்சத்தோடு. "யாரோ ஒரு பொம்பளைன்னு மட்டும் தெரிஞ்சுது."

மாநகராட்சி மாடத்தில் யாரோ புதிய தேசத்துக்காக நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஃபெலிஸ்மீனா எழுந்தாள். பிள்ளைகள்தான் தாயின் கைக்குக் குனிய வேண்டும், தாய் யாருக்கும் குனிவதில்லை. அந்த வழக்கமெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் தன் மகனைவிடச் சிறியவனான சில்வேரியோவின் கையை இரண்டு கைகளாலும் பற்றி, வெடிமருந்துக் கறுப்போடு அப்படியே குனிந்து முத்தமிட்டாள். அவன் பதறிக் கையை இழுத்தான். அவள் விடவில்லை.