ஒன்பது என்றது மெஷின்

அறுவை அரங்கில் ரத்தம் ஒற்றும் துணிகளை எண்ணித் திரும்ப வாங்குவது இருபது வருடமாக நர்ஸ் அக்காவின் வேலை. துணிக்குத் துணி மின்சில்லு தைத்து, எண்ணுவதற்கென்றே ஒரு மெஷினைக் கொண்டுவந்து நிறுத்திய நாளிலிருந்து அவளுக்கு அது சக்களத்தி.

அன்று ஒரு வயிற்று அறுவைக்குப் பத்துத் துணி கொடுத்திருந்தாள். தையலுக்கு முன் திரை ஒன்பது என்று காட்டிக் கத்தப் போனது. பொத்தானை அமுக்கி அதன் சத்தத்தை அடக்கினாள்.

“பத்தும் வந்தாச்சு டாக்டர்,” என்றாள். எண்ணவே இல்லை, எல்லாம் வீம்பு.

நான்காம் நாள் நோயாளிக்குக் காய்ச்சல் கொதித்தது. எக்ஸ்ரேயில் பார்த்தால் வயிற்றுக்குள் ஒரு துணி.

மறுபடி மேஜையில் படுக்கவைத்து மயக்கமருந்து கொடுத்தார்கள். டாக்டர் மெஷினை வராந்தாவுக்குத் தள்ளச் சொன்னார்.

“தண்டம்! மனுஷக் கண்ணு தப்பலாம், இது கத்தியிருக்க வேணாமா? நீங்களே எண்ணுங்கக்கா, உங்களைத்தான் நம்பறேன்.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அக்கா முதல் துணியைத் தொட்டாள். ‘ஒண்ணு’ என்று சொல்ல வாய் வரவில்லை. வெளியே போய் மெஷினை அவளே இழுத்துவந்தாள்.

“இது அன்னிக்கே ஒன்பதுன்னுதான் டாக்டர் சொல்லிச்சு. நான்தான் இதோட வாயை அடைச்சேன்.”