நீச்சல் தெரிந்த திருடன்

பென்சிலைச் சீவி நீட்டியபோது மாமனார் கையை நீட்டவில்லை. கண்ணைத் திறந்து பென்சிலைப் பார்த்தார், பிறகு மருமகளைப் பார்த்தார்.

"நீயே எழுதும்மா. கை சொன்ன பேச்சு கேக்கல."

காலையில் வந்துபோன டாக்டர், இன்றோ நாளையோ என்று வாசலில் வைத்துச் சொல்லியிருந்தார். கணவன் அடுத்த அறையில் சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டுக்கொண்டிருந்தான். இந்த மனிதருக்கோ ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில் தன் திருடன் ஏழாவது லெவலுக்குப் போயாக வேண்டும். அதற்கான புள்ளிகள் போன ஞாயிறே சேர்ந்துவிட்டன. அன்று மூச்சிரைப்பு வந்து ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தியதால் தாளில் ஏற்றாமல் விட்டது, ஒரு வாரமாக அவரை அரித்துக்கொண்டிருந்தது.

அவர் பூட்டுக்காரர். நாற்பது வருஷம் சாவி தொலைத்தவர்களின் கதவைத் திறந்துவிட்டு நல்ல பெயர் வாங்கியவர், விளையாட்டில் மட்டும் திருடனாகத்தான் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். மாடி வீட்டுக் கணக்கு வாத்தியார் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடந்து, சிக்கலான இடத்தில் பகடை உருட்டும் விளையாட்டு அது. ஐந்து வருஷமாக ஞாயிறு மதியங்களில் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. மகன் மந்திரவாதி, பாதிக் கதையில் தூங்கிவிடுவான். மருந்துக்கடை அக்கா வைத்தியச்சி. மருமகள் இரும்புக் கவசம் போட்ட காவல்காரி. கதையில் ஒரு பூட்டு வந்துவிட்டால் போதும், "அந்தப் பூட்டு அப்படித் திறக்காது வாத்தியாரே" என்று மாமனார் பிடித்துக்கொள்வார். அரை மணி நேரம் கதை நகராது.

லெவல் ஏறுகிறவருக்கு ஒரு விதி உண்டு. புதிதாக ஒரு வித்தை கற்கலாம். இல்லையென்றால், கூட்டத்தில் ஒருவரோடு உள்ள உறவை ஒரு படி ஏற்றிக்கொள்ளலாம். எல்லோரும் எல்லோருக்கும் முதலில் வழித்துணை. அடுத்தது நட்பு. அதற்கும் மேலே சொந்தம்.

அவர் தாளில் வைத்தியச்சிக்கு நேரே சொந்தம் என்று இருந்தது. தூங்குமூஞ்சி மந்திரவாதிக்கு நேரேயும் சொந்தம். காவல்காரிக்கு நேரே மட்டும் ஐந்து வருஷமாக வழித்துணை. அவள் அதைக் கவனிக்காதவள் போல இருந்துகொண்டாள். ஆனால் எட்டிப் பார்க்காத ஞாயிறு ஒன்றுகூடக் கிடையாது.

மகனுக்கும் அவளுக்கும் நடந்த கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. மூன்று மாதம் கழித்து அவராகவே வந்து இருவரையும் வீட்டுக்குக் கூட்டிவந்தார். நன்றாகத்தான் வைத்துக்கொண்டார், ஒரு சுடுசொல் கிடையாது. அன்று ஏன் வரவில்லை என்று அவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. இவர் தன்னைச் சொந்தமாக நினைக்கிறாரா, இல்லை மகன் கூட்டிவந்தவள் என்று பொறுத்துப்போகிறாரா என்பது மட்டும் தெரிந்தால் போதும் அவளுக்கு. அதைப் போய் விளையாட்டுத் தாளில் தேடுவது அசட்டுத்தனம் என்று தெரியாமலும் இல்லை.

"என்ன மாமா எழுத? வித்தையா, உறவா?"

அவர் நெஞ்சு இரண்டு தடவை ஏறி இறங்கியது.

"வித்தை."

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "விஷம் வைக்கிறதா? போன வாரம் எல்லாரும் அதத்தானே சொன்னோம்."

"நீச்சல்."

"திருடனுக்கு எதுக்கு மாமா நீச்சல்?"

"சாகப்போறவன்கிட்ட எதுக்கும்மா வாதம்? எழுது."

"அப்படிப் பேசாதீங்க."

எழுதினாள். காட்டச் சொன்னார். முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள்.

"இன்னும் அழுத்தி எழுது. லேசா இருக்கு."

அழுத்தி எழுதினாள். கோபம்தான் வந்தது. இப்போதுகூடவா என்று இருந்தது. உயிர் போகிற மனிதர்மேல் கோபப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை. அந்தக் கோபத்தோடேயே கரண்டியில் தண்ணீர் எடுத்து அவர் உதட்டை நனைத்து, வழிந்ததைத் துடைத்தாள்.

"வாத்தியார் வந்தா சொல்லிடு, ஏழு ஆயிடுச்சுன்னு," என்றார்.

மதியம் இரண்டரை மணிக்கு அவர் போய்விட்டார். மகன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். அவள் தலையணை உறையை மாற்றுவதற்காக அவர் தலையைத் தூக்கியபோது, அந்தத் தலை அவள் கையில் கனத்தது.

உடலைக் கொண்டுபோகும் வண்டி நான்கு மணிக்கு வருவதாகச் சொன்னார்கள். மருந்துக்கடை அக்கா உள்ளே அவருக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தாள். வாத்தியார் சாப்பாட்டு மேசையில் தன் வழக்கமான நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுதிட்டாரா?"

"ஏழு ஆயிடுச்சுன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னார். நீச்சலாம்." அவள் குரலில் இருந்த சூடு அவளுக்கே கேட்டது.

வாத்தியார் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாக்கிழமை போன் பண்ணார்மா. அடுத்து கதையில என்ன வருதுன்னு கேட்டார். நான் சொல்லக் கூடாது, விதி. ஆனா அவர் பேசுற மூச்சக் கேட்டதும் மனசு கேக்கல. ஆறு வருது, ஆழம் ஜாஸ்தி, பாலம் கிடையாதுன்னு சொல்லிட்டேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"கவசம் போட்டவங்க இறங்கினா என்ன ஆகும்னார். முழுகிடுவாங்கன்னேன். நீச்சல் தெரிஞ்ச ஒருத்தன் எத்தன பேரத் தூக்கிக்கிட்டுப் போகலாம்னு கேட்டார். ஒரே ஒரு ஆளத்தான்னு சொன்னேன்." வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நானும் விடல. அந்தப் பொண்ணு உங்க தாள எட்டி எட்டிப் பாக்குதே, இந்தத் தடவயாவது உறவ ஏத்தி விடுங்களேன்னு சொன்னேன். 'எழுதி வச்சா ஆத்துல தாங்குமா வாத்தியாரே'ன்னார்."

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். அவளுடைய கையெழுத்து. கோபத்தில் அழுத்தியது மறுபக்கம் வரை தடித்திருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கவசத்தக் கழட்டியிருப்பேனே," என்றாள்.

"அதையும் சொன்னேன். 'அவளா? கழட்டவே மாட்டா, பிடிவாதக்காரி, எனக்குத் தெரியாதா'ன்னார்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகி, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அன்று முழுக்க அழாதவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். உள்ளேயிருந்து வந்த கணவன் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

வண்டியில் இரண்டே ஆட்கள்தான் வந்திருந்தார்கள். லிப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நுழையாது, மூன்று மாடியும் படியில்தான் இறக்க வேண்டும், இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். மகன் வந்தான். வாத்தியாரும் எழுந்தார். அவருக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை என்பது கட்டடத்துக்கே தெரியும்.

"நீங்க இருங்க சார், நான் பிடிக்கிறேன்," என்றாள்.

"கீழ்ப்பக்கம்தான் காலியா இருக்கும்மா," என்றார் வண்டிக்காரர். "கனமெல்லாம் அங்கதான் இறங்கும். பின்பக்கமாவே இறங்கணும்."

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கைப்பிடியைப் பற்றினாள். முதல் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினார்கள். வேறு யாரையாவது கூப்பிடவா என்று வண்டிக்காரர் கேட்டார்.

"வேணாம். கீழ வரைக்கும் நானே வர்றேன்."

மாமனாரின் முகத்தைப் பார்த்தபடியே, அடுத்த படி எங்கே இருக்கிறது என்று காலால் துழாவி, அவள் இறங்கினாள்.