பை வார் போட்ட கோடு

என் அம்மா நகரப் பேருந்தில் நடத்துநர். வெயில் மண்டையைப் பிளந்தாலும் முழுக்கைச் சட்டைதான் போடுவாள். முழங்கைகளிலும் முதுகிலும் சொரியாசிஸ். சிவந்த தடிப்பும் அதன்மேல் வெள்ளி நிறச் செதிலுமாக இருக்கும். தொட்டால் ஒட்டாத நோய்தான். ஆனாலும் சட்டைக் கை கொஞ்சம் மேலேறிவிட்டால், பயணிகள் டிக்கெட்டை நுனிவிரலால்தான் வாங்குவார்கள். "சீட்டுல வச்சிடுங்க, நானே எடுத்துக்கிறேன்" என்று ஒருத்தி சொன்னதை அம்மா வீட்டில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மருத்துவப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் தோல் நோய்ப் பிரிவுக்குப் போனேன். காலையில் அம்மா சீருடைக்கு இஸ்திரி போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். நிறம் மட்டும் மாறித் தட்டையாக இருந்தால் மாக்யூல். சின்ன மேடு பாப்யூல். மேடு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிப் பரவினால் பிளேக்.

அம்மா முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "அப்போ என்னோடது பிளேக்கா? இவ்வளவு நல்ல பேர வச்சிக்கிட்டு, இத்தனை வருஷமா சொறி சொறின்னு திட்டிட்டேனே."

மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுத்த களிம்பைத் தடவியே காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். நச்சரித்து நச்சரித்து எங்கள் மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தேன். அன்று எனக்கு வேறு வகுப்பு இருந்ததால் அவளே தனியாகப் போய் வரிசையில் நின்றாள். பேராசிரியை பரிசோதித்துவிட்டு, "நாளைக்கு மாணவர்களுக்குக் காட்டலாமாம்மா?" என்று கேட்டிருக்கிறார். சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவள் என்னிடம், "நான் உன் அம்மான்னு மட்டும் மூச்சு விட்டுடாதே. அப்புறம் உன் பக்கத்துல உக்காரவே யோசிப்பாங்க" என்றாள். நானும் சரி என்றேன். அப்படிச் சொன்னது இன்றும் என்னை உறுத்துகிறது.

மறுநாள் நாங்கள் இருபது பேர் கட்டிலைச் சுற்றி நின்றோம். அம்மா சாதாரண உடையில் உட்கார்ந்திருந்தாள். முதலில் பரிசோதிக்க வந்தவன், நாங்கள் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடும் நெட்டையன். வந்ததும் வராததுமாக இரண்டு கைகளுக்கும் உறையை மாட்டினான்.

"கையுறை எதுக்கு? தோல் எங்கயும் உடையலயே, கழட்டு" என்றார் பேராசிரியை.

கழற்றினான். தொடாமல் விரலை அந்தரத்திலேயே நிறுத்தினான். அம்மா அவனுக்குத் தைரியம் சொன்னாள். "ஆயிரம் பேரக் கொன்னாத்தான் அரை வைத்தியன்னு சொல்வாங்க தம்பி. கணக்க என்கிட்டருந்தே ஆரம்பிங்க."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அவன் பதறிப்போய், "மாக்யூல், மேடம்" என்றான்.

"கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க தம்பி. மேடு தட்டுதா இல்லையா?" என்றாள் அம்மா.

"தட்டுது... பிளேக்! பிளேக், மேடம்!"

பேராசிரியை அம்மாவை வியப்போடு பார்த்தார். பிறகு அவளைத் திரும்பி உட்காரச் சொல்லி முதுகைக் காட்டினார். இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரை, அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் தடிப்புகள் ஒரே கோட்டில் இறங்கியிருந்தன.

"இது ஏன் கோடா வந்திருக்கு?"

பின்னாலிருந்து ஒருத்தி, "அக்கியா இருக்குமோ, மேடம்?" என்றாள்.

"அக்கி பெரும்பாலும் உடம்போட ஒரு பக்கத்துலயே நின்னுடும். இது முதுகெலும்பத் தாண்டிப் போகுதே."

அம்மா என்னைப் பார்த்தாள். உடனே தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"டிக்கெட் பை வார், மேடம்," என்றேன். "பஸ் கண்டக்டர். பதினாறு வருஷமா ஒரே தோள்ல மாட்டுறாங்க. சொரியாசிஸ் இருக்கிறவங்களுக்குத் தோல் உரசுற இடத்துல புதுசா பிளேக் வரலாம். கோப்னர் நிகழ்வு."

"நீ அவங்ககிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசலயே. உனக்கெப்படித் தெரியும்?"

"அவங்க என் அம்மா, மேடம்."

பேராசிரியை ஒரு ஸ்டூலை இழுத்து அம்மாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "எழுதிக்குங்க," என்றார் எங்களைப் பார்த்து. "தொழில் என்னன்னு கேக்காம தோலப் பாக்கக் கூடாது. இருபது பேர்ல ஒருத்தர்கூட இவங்களக் கேக்கல."

அம்மா என்னை முறைத்தாள். "சொல்லாதேன்னு சொன்னேன்ல?" என்றாள். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "ஆமா, என் பொண்ணுதான். வீட்டுலயும் இப்படித்தான், நான் சொல்ற பேச்சக் கேக்கவே கேக்காது" என்றாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒட்டடைக்குச்சி நகர்ந்து வந்து என் தோளை ஒட்டி நின்றுகொண்டான்.

அன்றே சிகிச்சை தொடங்கியது. செதிலை இளக்க ஒரு களிம்பு, தடிப்பை அடக்க ஸ்டீராய்டு களிம்பு, வாரம் மூன்று நாள் புற ஊதா ஒளிக் கூண்டுக்குள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சில நிமிடங்கள். "வேரோட போகும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அடக்கி வைக்கலாம்" என்றார் பேராசிரியை. தோள் வாருக்குப் பதிலாக அம்மா இடுப்புப் பட்டையில் பையைக் கட்டிக்கொண்டாள். நான்கு மாதத்தில் தடிப்புகள் இறங்கிப் பழுப்புத் தடம் மட்டும் நின்றது. அது மறைவதற்கு முன்பே அரைக்கைச் சட்டைக்கு மாறிவிட்டாள். யாராவது உற்றுப் பார்த்தால், "சொரியாசிஸ். ஒட்டாது. எங்க இறங்கணும்?" என்று ஒரே மூச்சில் கேட்பாள்.

அடுத்த ஆண்டு புது மாணவர்களின் முதல் வகுப்புக்குப் பேராசிரியை அம்மாவைத்தான் அழைத்தார். அதற்காக அம்மா எழுதிக் கொடுத்த விடுப்புக் கடிதத்தைப் பணிமனை மேலாளர் இரண்டு முறை படித்தாராம்.

"ஆஸ்பத்திரிக்கு வைத்தியம் பாத்துக்கத்தானேம்மா போறீங்க? வகுப்பு எடுக்கன்னு தப்பா எழுதியிருக்கீங்களே."

"சரியாத்தான் சார் எழுதியிருக்கேன்" என்றாளாம் அம்மா.