மஞ்சளிலிருந்து பச்சைக்கு

"இன்னாம்மா இது, பன்னண்டு கலர்ல தோச சுட்டு வச்சிருக்க? மேடம் பசியோட வருவாங்கன்னா?" செழியன் சார் இசைவாணியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, திரையில் இருந்த வட்ட வரைபடத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"அது ஜீவா போட்டது சார். மாத்திடறேன்."

"மாத்து. ரெண்டரைக்கு கலெக்டர் மேடம் ரெவ்யூ. ஒரு ஸ்லைடுக்கு ஒரு சேதி. எத்தினி புள்ளைங்க இந்த மாசம் மஞ்சள்லருந்து பச்சைக்கு வந்துச்சு, அவ்ளோதான் அவங்க கேப்பாங்க."

அவர் போனதும் இசைவாணி வட்டத்தை அழித்தாள். பகுதிக்கு ஒன்றாக இருந்த பன்னிரண்டு துண்டுகளையும் பன்னிரண்டு பட்டைகளாக்கி, பெரியது மேலே, சிறியது கீழே என்று அடுக்கினாள். பின்னணிக் கோடுகளை எடுத்தாள். எல்லாப் பட்டைகளுக்கும் சாம்பல் நிறம் கொடுத்து, பார்க்க வேண்டிய ஒன்றுக்கு மட்டும் பச்சை வைத்தாள். இதில் அவள் கைதேர்ந்தவள். கள்ளக்குறிச்சியில் அந்த மாடி அலுவலகத்துக்கு ஒப்பந்த வேலைக்கு வந்த முதல் வருடம், ஒரு படத்திலிருந்து வேண்டாததை ஒவ்வொன்றாக நீக்கும்போது குளத்தில் பாசியை விலக்கித் தண்ணீரைப் பார்ப்பது போல அவளுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடும். இப்போது விரல்கள் மட்டும் வேலை செய்தன. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு போல இருந்தது உடம்பு. தொட்டால் தொடுவது தெரியும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அப்படி ஐந்து மாதம் ஓடிவிட்டது.

மாவட்டத்து அங்கன்வாடிகளில் மாதாமாதம் குழந்தைகளை எடை போடுவார்கள். வயதுக்கேற்ற எடை இருந்தால் பச்சை, குறைந்தால் மஞ்சள், மிகவும் குறைந்தால் சிவப்பு. கல்வராயன் மலையிலிருந்து வரும் ஷீட்டுகள் எப்போதும் தாமதம்தான். டீச்சர்கள் டவர் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி நின்று அனுப்ப வேண்டும். அவற்றில் காலிக் கட்டங்களும் அதிகம். மிளகு பறிக்கக் கேரளத்துக்குப் போகும் குடும்பங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். காலிக் கட்டம் இருந்தால் படத்தில் என்ன செய்வது என்று கணினி மூன்று வழி கேட்கும். இடைவெளியாக விடலாம், பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளலாம், இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் கோட்டால் இணைத்துவிடலாம். செழியன் சாருக்கு மூன்றாவதுதான் பிடிக்கும். கோடு உடைந்திருந்தால் மேடம் கேள்வி கேட்பார்கள் என்பார்.

மலை ஷீட்டுகளை முடித்தபோது மணி பதினொன்றரை. மீதி இருந்தது கச்சிராயபாளையம் பக்கத்து ஷீட். இதுநாள்வரை அதை ஜீவா பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை. விடுப்பு முடிந்து அவள் திரும்பிய அன்று காலையே அந்தக் கோப்பை அவனாக எடுத்துக்கொண்டு போய்விட்டான். போன வாரம் சின்னசேலத்தில் வேறு வேலை கிடைத்து அவன் போய்விட, அது அவள் மேசைக்கு வந்தது.

திறந்தாள். மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறியவர்களை மட்டும் காட்டச் சொன்னாள். மாவட்டம் முழுவதும் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், அதில் இந்த ஷீட்டில் ஒன்பது. ஒன்பதில் ஆறாவது வரி, அவள் தெரு அங்கன்வாடி மையத்திலிருந்து வந்தது. 'இசைவாணி ஆண் குழந்தை.'

பெயர் வைப்பதற்கு முன் இருபத்திரண்டாம் நாள் போய்விட்ட பிள்ளை. ஜனவரியில் 2.3 கிலோ. அது சரி. அந்த எண் அவளுக்குத் தெரியும், ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இருக்கக் கூடாது. ஆனால் பிப்ரவரியில் 3.2, மார்ச்சில் 4.0, ஏப்ரலில் 4.8, மே மாதம் 5.5, ஜூனில் 6.3 என்று இருந்தது. ஜூன் கட்டம் பச்சையாக இருந்தது.

அவள் அதிர்ந்துபோனாள் என்று சொல்ல முடியாது. எழுந்து, பாட்டிலில் தண்ணீர் பிடித்து, திரும்பி வந்து உட்கார்ந்தாள். பிறகு அங்கன்வாடி டீச்சர் ராஜாம்பாளுக்குப் போன் போட்டாள். பின்னால் பிள்ளைகள் பாட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், ஷீட்டுல என் புள்ள இருக்குது."

பாட்டுச் சத்தம் தள்ளிப் போயிற்று. ராஜாம்பாள் வெளியே வந்துவிட்டாள் போலிருந்தது.

"இசை... அந்தத் தம்பி பாக்குறான்னு இருந்தேன். அவன் ஒன்னும் கேக்கல."

"அவன் போய்ட்டான். ஏன் டீச்சர்?"

"சாவுன்னு போட்டா ஒரு வாரத்துல ரெண்டு பேரு ஃபாரம் எடுத்துகினு உன் வூட்டுக்கு வந்துடுவாங்க. நீ அழுவக்கூட இல்ல, செவுத்தப் பாத்துகினு குந்தியிருந்த. உன்னாண்ட போயி அதெல்லாம் கேக்கணுமான்னு... கொஞ்சம் நாள் போவட்டும்னு வுட்டேன். காலியா வுட்டா மேலருந்து போன் மேல போன். அதான் எதனா ஒன்னு போட்டேன். அப்புறம் எந்த மாசத்துல நிறுத்தறதுன்னு தெரியல."

"எடை எங்கருந்து எடுத்தீங்க?"

"அதே வாரம் சந்தியாவுக்குப் பொறந்துச்சே, அதும் எடையப் பாப்பேன். அதுல முந்நூறு கிராம் கம்மி பண்ணிப் போடுவேன்."

"ஏன் கம்மி?"

"உன்னுது பொறக்கும்போதே சின்னதுதானே" என்றாள் ராஜாம்பாள். "தப்புதாம்மா. இப்பவே எடுத்துடு. இல்ல, நீ எடுக்காத, நான் எடுக்கறேன். நீ அதத் தொடாத."

"நான் பாத்துக்கறேன் டீச்சர்."

போனை வைத்துவிட்டு அந்த வரியை மட்டும் தேர்ந்து ஒரு படம் போட்டாள். ஏன் என்று தெரியவில்லை, கைப்பழக்கம். கோடு இடது மூலையில் கிளம்பி, சீராக, எங்கும் இறங்காமல் மேலே போயிற்று. நல்ல கோடு. அடுத்த மாதம் ஏழு கிலோவைத் தொட்டுவிடும். பிள்ளை குப்புறக் கவிழ்ந்துவிடும். வருகிற பொங்கலுக்கு எழுந்து நிற்கும். அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வேறு ஒருத்தி தன் பிள்ளைக்கு ஊட்டுவாள், அங்கிருந்து முந்நூறு கிராம் குறைத்து இங்கே ஒருவன் வளர்வான்.

சரி செய்வது என்றால் 'இறப்பு' என்பதைத் தேர்ந்து தேதி போட வேண்டும். போட்டால் குழந்தை எப்படி இறந்தது என்று விசாரிக்கும் ஃபாரம் வரும். பதினான்கு பக்கம். பிற பெண்கள் சொன்ன பதில்களை அவளே எத்தனையோ முறை அட்டவணையாக்கியிருக்கிறாள். ஒன்பதாவது கேள்வி அவளுக்கு மனப்பாடம். தாய் கடைசியாகப் பால் கொடுத்தது எப்போது? அன்று விடியற்காலை கொடுத்தேன் என்றுதான் கணவன் சுபாஷிடம் சொல்லியிருந்தாள். கொடுக்கவில்லை. பிள்ளை அழவில்லை, அவளும் எழவில்லை. ஏழு மணிவரை நன்றாகத் தூங்கினாள், அத்தனை நாளில் முதல் தடவையாக.

பிப்ரவரிக் கட்டத்தை அழித்தாள். கோட்டில் இடைவெளி விழுந்தது. பிறகு மார்ச், ஏப்ரல், மே. ஜூனையும் அழித்தபோது படத்தில் எதுவுமே இல்லை. ஜனவரி இன்னும் இருந்தது, 2.3 அப்படியே இருந்தது. ஆனால் கோடு வரைய இரண்டு எண்ணாவது வேண்டும், ஒன்றை வைத்துக்கொண்டு கணினியால் ஒன்றும் காட்ட முடியவில்லை. படத்தின் செட்டிங்ஸுக்குள் போய், கோட்டை விட்டுவிட்டுப் புள்ளியைக் காட்டச் சொன்னாள். காட்டியது. இடது ஓரத்தில், தரையை ஒட்டி, ஒரு கொசு உட்கார்ந்தது போல.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே பேருந்து நிலையத்தில் ஒருவர் சேலம், சேலம் என்று கூவிக்கொண்டே இருந்தார். பிறகு 'இறப்பு' என்பதைத் தேர்ந்தாள். தேதியைப் போட்டாள்.

ரெவ்யூ அறையில் குளிர் அதிகம். மேடம் சிற்றுண்டித் தட்டைத் தொடவில்லை. செழியன் சார் அவள் திருத்துவதற்கு முன்பே அச்செடுத்து வைத்திருந்த தாளைப் பார்த்து வாசித்தார்.

"இந்த மாசம் மட்டும் மஞ்சளிலிருந்து பச்சைக்கு வந்த குழந்தைகள் இருநூற்றுப் பன்னிரண்டு மேடம்."

மேடம் புரொஜெக்டர் வழியே சுவரில் விழுந்திருந்த டேஷ்போர்டைப் பார்த்தார். "அங்க இருநூத்திப் பதினொன்னுன்னு இருக்கே?"

செழியன் சார் திரும்பிப் பார்த்தார். தாளைப் பார்த்தார். ஒருவன் சபையில் வேட்டியைச் சரிசெய்துகொள்வது போலச் சிரித்தார். "ஒன்னு அப்டேட் ஆவல மேடம். மலையில நெட்டு அப்பிடி. வந்துடும். இசைவாணி, ரிஃப்ரெஷ் குடும்மா."

கடைசி நாற்காலியில் மடிக்கணினியோடு இருந்த இசைவாணி வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தைதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, யாருடையதோ போலக் கிடந்தது. ரிஃப்ரெஷ் பொத்தானை அழுத்தினாள். பட்டைகள் எல்லாம் சுருங்கி ஒடுங்கி, மறுபடி ஒவ்வொன்றாக நீண்டன, கல்வராயன் மலைப் பட்டை கடைசியில். நடுவில் இருந்த எண் பூஜ்யத்திலிருந்து ஓடி வந்து இருநூற்று ஒன்பது, பத்து, பதினொன்று என்று நின்றது.

"இன்னொரு வாட்டி குடும்மா" என்றார் செழியன் சார்.

அழுத்தினாள். சுவர் ஒரு நொடி வெறுமையாயிற்று. பிறகு எண் மறுபடி பூஜ்யத்தில் கிளம்பி ஏறத் தொடங்க, அறையில் எல்லோரும் தலையை உயர்த்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.